இருமலில் வரும் ரத்தமும் நடுவில் கிடக்கும் கடலும்

(போர்ட் பிளேயர் வாழ் தமிழர்களிடையே நுரையீரல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பேசக் கேட்டார்கள். பெரிய பொருள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இருமும்போது சளியோடு வரும் ரத்தம். இந்த நோயில் வலி உண்டு, மூச்சிரைப்பு உண்டு, உடம்பு உருகிப்போவதும் உண்டு. இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்ட குடும்பங்கள்கூட, கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்த அன்று நிலைகுலைந்து போகின்றன. அந்த நேரத்தில் என்ன செய்வதென்று முன்கூட்டியே யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு ஆட்டோ பிடித்தால் பெரிய ஆஸ்பத்திரி. நமக்கும் சென்னைக்கும் நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலென்றால் ஏறத்தாழ மூன்று நாள். ஆகவே தரையில் இருப்பவர்கள் ரத்தம் வந்த பிறகு யோசிப்பதை, தீவில் இருக்கும் நாம் வருவதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் ரத்தம் வரும். பெரும்பாலும் அது சளியில் நூலிழைபோல ஓடும் கோடு, அல்லது துருப்பிடித்த நிறத்தில் சளி. அது ஆளைக் கொல்வதில்லை. ஒரேயடியாகப் பொங்கி வந்து உயிரைப் பறிக்கும் கசிவு இந்த நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் நிகழ்கிறது. பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடு வந்த அன்றே சாவு வந்துவிட்டதாக வீட்டில் அழ வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். அதே நேரம், அந்தக் கோட்டை அலட்சியமும் செய்யக் கூடாது. பெரிய கசிவுக்கு முன்னால் பலருக்குச் சிறிய கசிவு வந்து எச்சரித்துவிட்டுப் போகிறது.

ரத்தம் ஏன் வருகிறது? நுரையீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் போகிறது. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து காற்றோடு கலக்கப் போகும் பெரிய ஓட்டம் ஒன்று. அதன் அழுத்தம் மிகக் குறைவு. இன்னொன்று, மகாதமனியிலிருந்து நேரே கிளம்பி மூச்சுக்குழல்களுக்கு உணவூட்டும் மெல்லிய தமனிகள். அளவில் அவை சிறியவை. ஆனால் கையில் பட்டி கட்டி நாம் அளக்கிறோமே, அந்த ரத்த அழுத்தம் முழுவதும் அவற்றில் இருக்கிறது. புற்றுக்கட்டி வளர வளரத் தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கிறது. கட்டி இப்படித்தான் தன்னை வளர்த்துக்கொள்கிறது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களுக்குச் சுவர் சரியாக அமைவதில்லை. அவை இந்த மூச்சுக்குழல் தமனிகளோடு போய் இணைந்துகொள்கின்றன. மெல்லிய சுவர், உள்ளே முழு அழுத்தம். ஓர் இருமல் போதும். உயிருக்கு ஆபத்தான கசிவுகளில் பத்தில் ஒன்பது இந்தத் தமனிகள் வழியாகத்தான் வருகின்றன.

எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி கசிவதில்லை. பெரிய மூச்சுக்குழலை ஒட்டி நடுவில் இருக்கும் கட்டி, உள்ளே அழுகிக் குழிவிழுந்த கட்டி, செதிள்செல் புற்று எனப்படும் ஸ்குவாமஸ் வகைக் கட்டி, இந்த மூன்றும்தான் அதிகம் கசிபவை. ஸ்குவாமஸ் வகைக்குப் புகையோடு நெருங்கிய உறவு உண்டு. பெவாசிசுமாப் என்ற மருந்து வந்தபோது, இந்த மூன்றும் அதிகம் கசியும் என்பது வேறு வழியிலும் தெரிய வந்தது. கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய் முளைக்காமல் தடுக்கும் மருந்து அது. 2004இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனை ஒன்றில் 6 பேருக்குப் பெருங்கசிவு ஏற்பட்டு 4 பேர் இறந்தார்கள். பார்த்தால் ஸ்குவாமஸ் வகை, குழிவிழுந்த கட்டி, பெரிய ரத்தக்குழாய்க்கு அருகில் இருந்த கட்டி. அதற்குப் பிறகு ஸ்குவாமஸ் வகை நோயாளிகளுக்கும் ரத்தம் துப்புபவர்களுக்கும் அந்த மருந்தைத் தவிர்க்கிறோம். உங்கள் பயாப்சி அறிக்கையில் கட்டியின் வகை எழுதியிருக்கும். அது என்ன வகை, எந்தப் பக்கம், நடுவிலா ஓரத்திலா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று விவரமும் பின்னால் உயிரைக் காக்கும்.

எப்படிக் காக்கும் என்று சொல்கிறேன். ரத்தம் நிறைய போனதால் ஆள் இறந்தார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மை இல்லை. நம் மூச்சுப்பாதையின் கொள்ளளவு, தொண்டையிலிருந்து காற்றறைகளுக்கு முன்பு வரை, சுமார் 150 மில்லி. ஒரு டீ கிளாஸ். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள உடம்பில் ஒரு கிளாஸ் போனால் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு கிளாஸ் மூச்சுப்பாதையில் உறைந்து நின்றால் மூச்சு நின்றுவிடும். ஒரு நுரையீரலில் கசியும் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் வழிந்து அதையும் அடைப்பதுதான் ஆபத்து. அதனால் முதலுதவி ஒன்றே ஒன்று: கட்டி இருக்கும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடது நுரையீரலில் கட்டி என்றால் இடப்பக்கமாக. நல்ல நுரையீரல் மேலே இருக்கட்டும், அது மூச்சு விடட்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் உட்கார வைத்து முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். இருமலை அடக்கச் சொல்லாதீர்கள், துப்பட்டும். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஐஸ்கட்டி என்று வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். நான் இதை எந்த மேடையிலும் இரண்டு தடவை சொல்வது வழக்கம். கட்டி உள்ள பக்கம் கீழே.

இப்போது தீவுக்கு வருகிறேன். இங்கே ரத்தம் கண்ணில் படாமல் போவதற்கு நம் பழக்கமே காரணமாகிறது. பாக்கு விளையும் மண் இது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லுகிறவர்களின் எச்சிலே சிவப்பு. அதில் ரத்தக் கோடு ஓடினால் யாருக்குத் தெரியும்? வெற்றிலை போடும் பழக்கமுள்ள பெரியவர்கள் வாரங்கணக்கில் இருமிக்கொண்டிருந்தால், காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்த பிறகு, வெற்றிலை போடுவதற்கு முன்பு, ஒரு வெள்ளைக் கிண்ணத்திலோ கண்ணாடி டம்ளரிலோ சளியைத் துப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். அந்த மாத்திரை சிறுநீரையும் எச்சிலையும் சளியையும் செம்மஞ்சளாக்கும். அதை ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. மருந்தின் நிறம்தான் என்று நினைத்து உண்மையான ரத்தத்தைக் கோட்டை விட்டவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் அந்தக் கிண்ணத்தை அப்படியே மூடி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

புகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளின் வயதுவந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. பீடி சிகரெட்டை விடக் கெடுதல் குறைந்தது என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் ஆழமாக இருக்கிறது. அது பொய். பீடி அணையாமல் இருக்க இழுத்து இழுத்துப் புகைக்க வேண்டியிருக்கிறது, அதனால் புகை ஆழமாகவே இறங்குகிறது. புகையின் கெடுதலுக்கு ஒரு மருத்துவரின் வாழ்க்கையே சாட்சி. செயின்ட் லூயிஸ் நகரத்து எவர்ட்ஸ் கிரேயம் என்ற அறுவை மருத்துவர் 1933 ஏப்ரலில் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுதாக அகற்றி, நோயாளியைப் பிழைக்க வைத்தார். அந்த நோயாளி ஒரு மகப்பேறு மருத்துவர். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அதே கிரேயம் 1950இல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து, புகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினார். நெடுங்காலம் புகைத்தவர் அவர். பின்னர் விட்டார். 1957இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வேளையோடு கண்டுபிடித்த நோயாளி முப்பது ஆண்டு வாழ்ந்தார், உலகுக்கு வழிகாட்டிய மருத்துவர் அந்த நோயிலேயே போனார். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு தாமதம் இருக்கிறது. அதற்கு நோயாளியைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் ரத்தம் துப்பினால் முதலில் நினைப்பது டி.பி. அது சரியான நினைப்பும்கூட. நிகோபார் மக்களிடையே காசநோய் அதிகம் என்று போர்ட் பிளேயரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையத்தின் பணிகள் காட்டியிருக்கின்றன. டி.பி. ஆறிய தழும்பிலிருந்தும், அந்தப் பழைய குழியில் வளரும் பூஞ்சையிலிருந்தும்கூட ரத்தம் வரும். ஆனால் எக்ஸ்ரேயில் டி.பி.யின் நிழலும் கட்டியின் நிழலும் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். சளியில் கிருமி கிடைக்காமலேயே டி.பி. மாத்திரை தொடங்கி, ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நிழல் இரட்டிப்பாகியிருக்கும். இந்தியா முழுக்க நடக்கும் சோகம் இது. சளியில் கிருமி இருக்கிறதா என்று மரபணு வழியாகப் பார்க்கும் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதைக் கேளுங்கள். கிருமி இல்லை, மாத்திரை தொடங்கியும் நிழல் குறையவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் கேளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், பீடி பிடித்தவர், ரத்தம் துப்பினார் என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சி.டி. வேண்டும். இதய நிழலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டி எக்ஸ்ரேயில் தெரியாது. மருத்துவரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிகிச்சை என்ன இருக்கிறது? உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962இல் கண்டுபிடித்தது. பிரசவத்துக்குப் பின் பெண்கள் ரத்தப்போக்கால் சாவதைத் தடுக்க வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த மருந்து. விலை குறைவு, சிறிய ஆஸ்பத்திரியிலும் இருக்கும். அதை நெபுலைசரில் நுண்துளிகளாக இழுக்க வைத்தாலும் சிறிய கசிவுகள் நிற்கின்றன என்று 2018இல் இஸ்ரேலில் 47 நோயாளிகளிடம் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. கார் நிகோபார், கேம்பெல் பே, ஹட் பே போன்ற தொலைவான இடங்களிலும் செய்யக்கூடிய சிகிச்சை இது. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆர்வம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், நெபுலைசரும் ஒரு மருந்துக் குப்பியும் போதும். ஆனால் பெருங்கசிவுக்கு இதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

பெருங்கசிவுக்கு முதலில் மூச்சுப்பாதையைக் காக்க வேண்டும். நல்ல பக்கத்து நுரையீரலுக்குள் மட்டும் குழாயைச் செலுத்தி அதை அடைபடாமல் வைப்போம். பிறகு மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் பிரான்காஸ்கோப் வைத்து ரத்தத்தை உறிஞ்சி, கசியும் இடத்தைப் பார்த்து, குளிர்ந்த உப்பு நீரோ அடைக்கும் பலூனோ வைப்போம். அடுத்தது, தொடையில் உள்ள தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, கசியும் மூச்சுக்குழல் தமனியைத் தேடிப் பிடித்து உள்ளேயே அடைப்பது. பிரான்சில் ழாக் ரெமி 1970களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார். கை தேர்ந்தவர் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு அன்றே ரத்தம் நிற்கும். முதுகுத்தண்டுக்குப் போகும் தமனி சில சமயம் அதே இடத்திலிருந்து பிரிவதால் கால் செயலிழக்கும் ஆபத்து மிகச் சிறிய அளவில் உண்டு. கையெழுத்து வாங்கும்போது இதைச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கதிர் சிகிச்சை. ஆறாத கசிவுக்கு இதைப்போல உதவுவது வேறில்லை என்பது என் கருத்து. கட்டியைக் குணப்படுத்த ஆறு வாரம் கதிர் கொடுப்பது ஒரு வகை. ரத்தத்தை மட்டும் நிறுத்த ஒரே நாளில், அல்லது ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பது இன்னொரு வகை. பிரிட்டனில் 1990களில் செய்த சோதனைகள் இந்தக் குறுகிய முறை, நெடிய தணிப்பு முறை அளவுக்கே நோயின் தொல்லைகளைத் தணிக்கிறது என்று காட்டின. ஐந்தில் நான்கு பேருக்கு ரத்தம் குறைந்துவிடும். இங்கிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போகும் குடும்பம், மருத்துவரிடம் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "ஐயா, நாங்கள் தீவிலிருந்து வருகிறோம். ரத்தம் நிற்க ஒரே தடவையில் கதிர் கொடுக்க முடியுமா?" ஆறு வாரம் சென்னையில் அறை வாடகை கொடுத்துத் தங்க வழியில்லாமல், பாதியில் கப்பலேறித் திரும்பும் குடும்பங்களுக்கு இது பெரிய வித்தியாசம். செலவுக்கு அனிஷி, ஆயுஷ்மான் பாரத் போன்ற திட்டங்களில் என்ன கிடைக்கும் என்று இங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையிலேயே விசாரித்து, ரெஃபரல் தாளை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரையில் எழுதப்பட்ட மருத்துவக் கையேடுகளில் நம் பயணம் இல்லை. டிக்லிபூரிலிருந்து அந்தமான் டிரங்க் ரோட்டில் வருகிறவர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். ஜாரவா காட்டுப் பகுதியில் வண்டிகள் குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போகும், நடுவில் பெர்ரி. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்குக் கப்பலும் ஹெலிகாப்டரும்தான். வானிலை கெட்டால் அதுவும் இல்லை. ரத்தம் புதிதாக வந்துகொண்டிருக்கும்போது சென்னை விமானம் ஏறக் கூடாது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டிக்குப் போவதுபோல. ஆரோக்கியமானவருக்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூறைச் சற்றே தாண்டி நிற்கும். ஒரு நுரையீரல் கெட்டவருக்கு நடுவானில் என்ன ஆகும்? விமான நிறுவனமும் மருத்துவச் சான்று கேட்கும். முதலில் இங்கே கசிவை நிறுத்தி, ஒன்றிரண்டு நாள் பார்த்து, பிறகு போக வேண்டும். சென்னையில் ஊசி வழியாக நுரையீரல் பயாப்சி எடுத்துக்கொண்டு மறுநாளே டிக்கெட் போட்டுத் திரும்புகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் காற்று கசிந்திருந்தால் மேலே போகப் போக அது விரியும். எக்ஸ்ரேயில் முழுதும் சரியானது தெரிந்து, அதற்குப் பிறகும் ஒரு வாரமாவது கழித்துத்தான் பறக்கலாம். திரும்பும் டிக்கெட்டை அதற்கு ஏற்றபடி போடுங்கள்.

வேறு மருந்துகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இதய அடைப்புக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள், காலில் ரத்தக்கட்டிக்கு ஊசி போடுகிறவர்கள் ரத்தம் வந்தவுடன் அதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் தொடரவும் வேண்டாம்.

கடைசியாக, பேசத் தயங்குகிற ஒன்றைப் பேசிவிடுகிறேன். நோய் முற்றிவிட்டது, இனி கட்டியைக் கரைக்க மருந்தில்லை என்று சென்னையில் சொல்லி அனுப்பிய பிறகும், ரத்தம் வந்தால் மறுபடி ஹெலிகாப்டருக்கும் விமானத்துக்கும் ஓடும் குடும்பங்கள் இருக்கின்றன. அன்பினால்தான் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் நோயாளி வழியிலேயே, அந்நியர்கள் நடுவே, தன் வீட்டையும் மக்களையும் பார்க்காமல் போய்விடுகிறார். இது தேவையில்லாத கொடுமை. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை வேறு. மருத்துவரிடம் முன்பே பேசி, பயத்தையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் தூக்க ஊசியையும் மார்ஃபினையும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தம் மார்ஃபின் கொடுப்பதை எளிதாக்கியிருக்கிறது. அது கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது. வீட்டில் கருநீலம் அல்லது கரும்பச்சை நிறத்தில் துண்டுகளும் போர்வையும் வாங்கிக் கட்டிலருகே வையுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பத்து மடங்காகத் தெரியும். நோயாளியும் பேரக்குழந்தைகளும் அதைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. பெருங்கசிவு வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய எல்லாரும் வாசலுக்கு ஓடிவிடாதீர்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைக்கூட முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலர் வீட்டில் இந்த நோய் இருக்கும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவே ஒரு தாளில் எழுதுங்கள்: கட்டி எந்தப் பக்கம், என்ன வகை, ரத்த வகை என்ன, என்னென்ன மாத்திரைகள், கடைசி ஸ்கேன் எங்கே இருக்கிறது, எந்த மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள், ஒரு படமெடுத்து எல்லார் போனிலும் வையுங்கள். நோய் இல்லாத வீட்டினருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், சளியில் ஒரே ஒரு முறை சிவப்பைப் பார்த்திருந்தால், அது தானாக நின்றிருந்தாலும், நாளைக் காலையில் அவரை அழைத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வரமாட்டேன் என்பார். கூடவே போங்கள்.